நான்கு மணிக்குப் பிடித்த பந்துகள்

1. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

"ஆக்னஸ்-சான், அவுட்ஃபீல்டர் ரேங்கிங். ஃபிரைடே."

முராய் அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். சுங்கைப் பட்டாணி நகரத்தில் எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த ஜப்பானியத் தொழிற்சாலையின் மேனேஜர் அவர். நான் பர்சனல் பிரிவில் கிராணி, அதாவது குமாஸ்தா. லீவு, எம்சி என்ற டாக்டர் சீட்டு, பஸ், யூனிஃபார்ம், புகார், கல்யாணத்துக்கு அன்பளிப்பு என்று எந்தப் பிரிவிலும் சேராத எல்லாமும் என் மேசைக்கு வரும். அந்த ஜனவரியில் சாஃப்ட்பாலும் வந்து சேர்ந்தது.

தொழிற்சாலைகளுக்கு இடையே பெண்கள் சாஃப்ட்பால் லீக் ஒன்று சீனப் பெருநாள் கழிந்து தொடங்க இருந்தது. முராய்க்கு அது வெறும் பொழுதுபோக்கு இல்லை. சிறு வயதில் பேஸ்பால் ஆடியவர். மற்ற நேரத்தில் வாயில் வார்த்தை வராத மனிதர், பந்து என்றால் மட்டும் கையை வீசி வீசிப் பேசுவார். பந்து வீசுபவளும் அடிப்பவளும் அவருக்குக் கிடைத்துவிட்டார்கள். கிடைக்காதது அவுட்ஃபீல்டர்கள். திடலின் கோடியில் மூன்று பேர் தள்ளித் தள்ளி நிற்பார்களே, உயரமாக வரும் பந்தை ஓடிப் பிடிப்பவர்கள், அவர்கள்தான். பந்து வரும்வரை சும்மா நிற்க வேண்டும். வந்துவிட்டால் தவறவிடக் கூடாது. முராய் சொல்வார், ஆட்டத்தைத் தோற்பது அங்கேதான் என்று.

பேர் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். மாற்று ஆட்களோடு சேர்த்து அதில் ஆறு பேர் டீமுக்குள் போவார்கள். எனவே ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசைப்படுத்த வேண்டும். லீக் தொடங்கவே இன்னும் பல வாரம் இருந்தது. யாரும் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. ஆனாலும் மேனேஜருக்கு வரிசை வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

தேர்வுக்குக் கொடிக் கம்பத்துக்குப் பின்னால் இருந்த திடலில் நேரம் குறித்தோம். சாயங்காலம் நான்கு மணி. காலை ஷிஃப்டு மூன்றுக்கு முடியும். மத்தியான ஷிஃப்டுக்காரர்களை ஒரு மணி நேரம் லைனிலிருந்து விடுவித்துவிடலாம். ஆபீஸ்காரர்களான எங்களுக்கும் அதுதான் தோது. அதைவிட நல்ல நேரம் இருக்க முடியாது என்று எல்லோரும் தலையாட்டினோம்.

2. தாள் டீம்

இங்கே கணேசன் அண்ணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் உற்பத்திப் பிரிவின் சூப்பர்வைசர். மீசை, பெருங்குரல், எதற்கும் பந்தயம். மழை எத்தனை மணிக்கு விடும் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு பந்தயம் இருக்கும். அவர்தான் சூப்பர்வைசர்களுக்குள் 'தாள் டீம்' என்ற ஒன்றைக் கிளப்பிவிட்டார்.

விளையாட்டு இதுதான். பன்னிரண்டு பேரில் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தனக்கென்று மூன்று அவுட்ஃபீல்டர்களைத் தாளில் எழுதிக்கொள்வார். முறை வைத்துத்தான் எழுத வேண்டும், ஒருவர் எடுத்தவரை இன்னொருவர் எடுக்க முடியாது. லீக் முழுக்க அந்த மூன்று பெண்களும் பிடிக்கிற பந்துக்குப் புள்ளி, விடுகிற பந்துக்குக் கழிவு. கடைசியில் தோற்றவர் எல்லோருக்கும் நாசி கண்டார், கறி ஊற்றிய சோறு, வாங்கித் தர வேண்டும். பந்தைத் தொடாத தடியர்கள் மூவர், ஆட்டம் தொடங்கும் முன்பே ஆட்டத்தை மேசையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

தேர்வன்று முராய் தானே மட்டையெடுத்துப் பந்தை மேலே அடித்தார். கணேசன் அண்ணன் உரக்கப் பேர் கூப்பிட்டார். நான் குறித்துக்கொண்டேன். நோர்மா என்ற பெண், மெர்போக் பக்கத்து மலாய்க் கிராமத்திலிருந்து வருபவள், காலை ஷிஃப்டு, அன்றைக்கு ஒரு பந்தைக்கூட விடவில்லை. பின்பக்கமாக ஓடிக்கொண்டே தலைக்கு மேல் வந்ததைப் பிடித்தாள். முராய் மட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார்.

கடைசியாக வந்தது புஷ்பம். பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளை. ஒல்லி, நல்ல உயரம், பார்த்தால் ஓடக்கூடியவள் என்று தெரியும். முதல் பந்துக்கு அவள் நகரவே இல்லை. இரண்டாவது பந்து கையுறையில் பட்டு மார்பில் விழுந்தது. மூன்றாவதற்கு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

"இந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியுதா இல்லையா லா?" என்றார் கணேசன் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை வரிசை நோட்டீஸ் போர்டில் ஏறியது. நோர்மா ஒன்று. புஷ்பம் பன்னிரண்டு. அன்று மத்தியானமே தாள் டீம்கள் எழுதப்பட்டன. முதல் முறை கணேசன் அண்ணனுக்கு வந்தது. நோர்மாவை எடுத்துக்கொண்டு மீசையைத் தடவினார். புஷ்பத்தை எவரும் எடுக்கவில்லை.

3. புஷ்பம் கேட்டது

மறு வாரம் அவள் என் மேசைக்கு வந்தாள். நின்றபடியே பேசினாள்.

"அக்கா, டீம்ல வந்தா கொன்ஃபர்ம் பண்ணுவாங்கன்னு சொன்னாங்களே, அது நெசந்தானா?"

உண்மைதான். லீக் பாதியில் இருக்கும்போது ஆள் ஒப்பந்தம் முடிந்து போய்விடக் கூடாது என்பதற்காக, டீமில் வரும் தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்குவதாக முராய் சொல்லியிருந்தார். புஷ்பம் தற்காலிகம். மார்ச்சோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது.

"நெசந்தான். ஆனா ஆறு பேருதான் புஷ்பம்."

"தெரியும்கா. இன்னொருக்கா பாக்கச் சொல்ல முடியுமா?"

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அம்மாவுக்கு வயசாயிருச்சுன்னு தோட்டத்துல நிப்பாட்டிட்டாங்க. அப்பா இல்ல. வீட்டுல ஒருத்தராவது தோட்டத்துல பேரு பதியணும், இல்லன்னா தோட்டம் குடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணணும்னு தோட்டத்துக் கிராணி சொல்லிட்டாரு. இங்க கொன்ஃபர்ம் ஆனா பீடோங்ல சின்னதா ஒரு வீடு பாத்துருவேன். ஆகலன்னா நான் மரம் வெட்டப் போகணும். வேற வழி இல்லக்கா."

நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். பால்மரம் வெட்டுவது, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது, கேவலமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மா அதில்தான் எங்களை வளர்த்தாள். ஆனால் ஒரு வீட்டின் கூரைக்காக ஒரு பெண்ணை அங்கே திருப்பி அனுப்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

"சரி, கேட்டுப் பாக்கிறேன்" என்றேன். கேட்டேன். கணேசன் அண்ணன் சிரித்தார்.

"ஆக்னஸ், நீயே அங்க வந்து பாரு." என்னை கேண்டீன் வாசலுக்கு அழைத்துப் போனார். அதே நாள் மாலை ஐந்து மணி இருக்கும். மூலை மேசையில் புஷ்பம் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். "இதுக்கு ஷிஃப்டே ராத்திரி பதினொண்ணுக்குத்தான். அதுக்குள்ள வந்து தூக்கத்தப் பாரு. இதப் போயி சென்டர் ஃபீல்ட்ல நிப்பாட்டச் சொல்றியா?"

என் மேசைக்குத் திரும்பினேன். அவர் சொன்னதில் பிழை எங்கே என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

4. சாவிக் கொத்து

பிப்ரவரியில் ஸ்டாக் எண்ணும் வேலை வரும். இரவில் மெஷின் நிற்கும் நேரம் பார்த்துப் பாகங்களை எண்ணுவார்கள். அந்த வருடம் ஆள் குறைவு என்று ஆபீஸ் ஆட்களையும் நைட் ஷிஃப்டில் போட்டார்கள். எனக்கு ஒரு வாரம் விழுந்தது.

காலையில் வீடு போய்ப் படுப்பேன். பக்கத்து வீட்டில் ரேடியோ. ரொட்டிக்காரன் ஹாரன். எதிரே புதிதாகக் கட்டும் கடைவீட்டில் சுத்தியல். கண்ணை மூடினால் ஒவ்வொன்றும் காதுக்குள்ளேயே நடந்தது. வாரக் கடைசியில் சோறு எது காப்பி எது என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டேன்.

அப்படி ஒரு நாள், ஏதோ கையெழுத்துக்காக என்னை மாலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள். ஸ்டோர் வாசலில் கணேசன் அண்ணன் நின்றார்.

"ஆக்னஸ், இந்தா பிடி!"

சாவிக் கொத்தை என் பக்கம் மெதுவாகத் தூக்கிப் போட்டார். வந்ததைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். கை மட்டும் எழவில்லை. சாவி நேராக வந்து மூக்குக் கண்ணாடியில் மோதி, கண்ணாடி தரையில் விழுந்து ஒரு பக்கம் விரிசல் விட்டது.

"அட, என்னம்மா, கண்ணு தெரியலையா?" என்றார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு மணி.

கண்ணு தெரியலையா. இதே கேள்விதானே அன்றைக்குத் திடலிலும் கேட்டார். கையில் உடைந்த கண்ணாடியோடு அங்கேயே நின்று யோசித்தேன். புஷ்பம் நைட் ஷிஃப்டு. தற்காலிகத் தொழிலாளர்கள் எல்லோரையுமே நிரந்தரமாக நைட்டில்தான் போடுவார்கள். மற்றவர்களுக்குத்தான் மாறி மாறி வரும். வரிசையில் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இருந்த நால்வரையும் நினைத்துப் பார்த்தேன். நால்வரும் நைட். ஒருத்திகூட விதிவிலக்கு இல்லை.

அன்று பதினொன்றுக்கு முன் புஷ்பத்தைப் பிடித்துக் கேட்டேன், தேர்வன்று எப்படி வந்தாய் என்று.

"மத்தியான ஷிஃப்டு பஸ்ஸுல ஏறி வந்தேன்கா, ரெண்டு மணிக்கு. அப்புறம் திரும்பிப் போக பஸ் ஏது? கேண்டீன்லயே இருந்துட்டு அப்படியே வேலைக்குப் போயிட்டேன். முந்தின நாளு தூங்கவும் இல்ல. லயத்துல பகல்ல எங்க தூங்க விடுறாங்க?"

"அத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா சாக்கு சொல்றேன்னு சொல்வாங்கல்ல" என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். நாங்கள் அப்படித்தான் சொல்லியிருப்போம்.

5. நம்பர் ஒன்

அடுத்த நாள் முராய் அறையில் நானும் கணேசன் அண்ணனும். கலந்து கட்டிய ஆங்கிலத்தில் விளக்கினேன். நமக்குச் சாயங்காலம் நான்கு மணி. நைட் ஷிஃப்டு ஆட்களுக்கு அது நடுச்சாமம். நடுச்சாமத்தில் உங்களைத் திடலில் நிறுத்திப் பந்து அடித்தால் பிடிப்பீர்களா?

முராய் வரிசைத் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு, "யூ ஷோ மீ" என்றார்.

வழி ஒன்றுதான். புஷ்பத்தை இரண்டு வாரம் காலை ஷிஃப்டுக்குக் கொண்டு வர வேண்டும். பிறகு மறுபடி பந்து. ஆனால் அவள் இடத்தில் நைட்டுக்கு யாராவது போக வேண்டும்.

"முடியாது" என்றார் கணேசன் அண்ணன். "ஆளு இல்ல. அதோட தாள் டீம் எல்லாம் எழுதியாச்சு. இப்பப் போயி வரிசைய மாத்தினா யாரு ஒத்துக்குவா?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "அண்ணே, அங்க ஒரு பொண்ணு வீடு போகுதுன்னு நிக்குது. நீங்க நாசி கண்டார பத்திப் பேசுறீங்க."

அவர் முகம் சுருங்கியது. கெட்ட மனிதர் இல்லை அவர், யோசிக்காமல் பேசுகிறவர். ஆனாலும் நைட்டுக்கு ஆள் இல்லை என்பதில் மட்டும் அசையவில்லை.

ஆள் கிடைத்தாள். கேண்டீனில் எப்படியோ சேதி பரவி நோர்மா காதுக்கு எட்டியிருந்தது. அவளே என் மேசைக்கு வந்து மலாயில் சொன்னாள், தான் போவதாக. ஏன் என்று கேட்டேன்.

"சாயா நொம்போர் சத்து, காக்" என்றாள். நான் நம்பர் ஒன், அக்கா. "நிஜமாவே நம்பர் ஒன்னா இருந்தா, ராத்திரி வேலை பார்த்துட்டு வந்தாலும் நம்பர் ஒன்னாதானே இருக்கணும்? நான் ஷிஃப்டாலதான் ஜெயிச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது."

கர்வக்காரி. ஆனால் அந்தக் கர்வம் இல்லாவிட்டால் இந்தக் கதை அங்கேயே நின்றிருக்கும். கணேசன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் டீமே அவள நம்பித்தான் இருக்கு லா, ஆக்னஸ்!"

6. மறுபடி நான்கு மணி

இரண்டு வாரம் கழித்து அதே திடல், அதே மட்டை. இந்த முறை எங்களைச் சுற்றிப் பெரிய கூட்டம்.

முதலில் நோர்மா. கண் சிவந்திருந்தது. முதல் பந்தைப் பிடித்தாள். இரண்டாவதுக்கு ஓட ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டாள், பந்து எங்கே என்று தேடுவது தெரிந்தது. அது அவளுக்குப் பின்னால் விழுந்தது. அடுத்ததும் போயிற்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பந்து கையுறையிலிருந்து நழுவியபோது கணேசன் அண்ணன் மெதுவாக, "சுக்குப், நோர்மா, போதும்மா" என்றார்.

பிறகு புஷ்பம். ஜெபமாலையைக் கைப்பைக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். சாஃப்ட்பாலுக்கு ஜெபித்ததைச் சாமியாரிடம் இதுவரை சொன்னதில்லை.

முராய் பந்தை இடப்பக்கம் வெகுதூரம் அடித்தார். மட்டைச் சத்தம் கேட்கும் முன்பே அவள் ஓடத் தொடங்கிவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீண்ட கால்கள். கையை நீட்டினாள், பந்து உள்ளே போய் உட்கார்ந்தது. எல்லாப் பந்தையும் அவள் பிடித்துவிட்டாள் என்று சொல்ல ஆசை. பிடிக்கவில்லை. தரையோடு வந்தவை சில காலுக்கிடையில் போயின. அன்றைக்கு வரிசை போட்டிருந்தால் நான்காவது வந்திருப்பாள். நோர்மா ஒன்பதாவது.

முராய் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றார். "ரேங்கிங் நோ குட்" என்றார். "ஸ்டார்ட் அகெய்ன்."

நோர்மா புஷ்பத்திடம் போய்த் தன் கையுறையைக் கொடுத்தாள். புஷ்பம் போட்டிருந்தது பழசு, தையல் விட்டது. "பிஞ்சம் டுலு" என்றாள், இப்போதைக்கு வைத்துக்கொள் என்று. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "காக், இவங்க மாசக் கணக்கா இப்படியா இருக்காங்க? எனக்கு இரண்டு வாரம் தாங்கல."

7. அதன் பிறகு

நைட்டில் இருந்த மற்ற மூவரையும் காலைக்கு மாற்றி, தூங்கவிட்டு, அப்புறம்தான் தேர்வை முடித்தோம். நோர்மாவும் காலைக்குத் திரும்பித் தூங்கி எழுந்ததும் பழையபடி முதலிடத்துக்கு வந்தாள். புஷ்பம் ஐந்தாவதாக உள்ளே வந்தாள். மார்ச் முடியும் முன் அவளை நிரந்தரமாக்கினார்கள். அதோடு இன்னொன்றும் நடந்தது. தற்காலிகம் என்றால் எப்போதும் நைட் என்ற வழக்கத்தை முராய் நிறுத்தினார். எல்லோருக்கும் ஷிஃப்டு மாறி மாறி வரும் என்றார். இரவு வேலையில் பழுதாகும் பாகங்களும் குறைந்தன என்று பிறகு கணேசன் அண்ணனே ஒப்புக்கொண்டார்.

அவருக்கு ஒரு சின்னத் தண்டனையும் கிடைத்தது. நோர்மா பந்தை விட்ட அன்று பதறிப்போய், தாள் டீமில் அவளைக் கொடுத்துவிட்டு வேறொருத்தியை மாற்றிக்கொண்டார். அந்த லீக்கில் நோர்மா பிடித்த பந்துகளைப் பற்றி இப்போதும் பேசுவார்கள். நாசி கண்டார் அவர் தலையில் விழுந்தது. நான் பந்தயத்தில் இல்லாவிட்டாலும் எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது, முட்டையோடு.

லீக்கில் நாங்கள் கோப்பை வாங்கவில்லை. அரையிறுதியில் தோற்றோம். முராய் சொன்னது போலவே அவுட்ஃபீல்டில்தான் தோற்றோம், ஆனால் அன்று எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்து வந்து தோற்றோம்.

அதற்குப் பிறகு நான் பல வருடம் அதே வேலையில் இருந்தேன். இவள் மந்தம், இவனுக்குக் கவனம் இல்லை, இவள் வேலைக்கு லாயக்கில்லை என்று சூப்பர்வைசர் எழுதிய தாள் என் மேசைக்கு வந்தால், முதலில் நான் கேட்பது எந்த ஷிஃப்டு என்பதுதான். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. புதிதாக பர்சனல் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதும் இதுதான். ஒருவரை அளப்பதற்கு முன், உங்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளக்கிறீர்களா, அவருடையதை வைத்துக்கொண்டா என்று பாருங்கள்.

புஷ்பம் பீடோங்கில் வீடு எடுத்துப் பால் காய்ச்சியபோது என்னை அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை, எனக்குப் பூசை இருந்தது. போக முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, அரை நாள் லீவில் பீடோங் பசாருக்குப் போனவள், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதே என்று தேடிக்கொண்டு போனேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. பலகைச் சுவர், புதிதாக அடித்த நீலச் சாயம். வாசல் கம்பியில் ஒரு கையுறை காய்ந்துகொண்டிருந்தது.

அவள் அம்மா கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க. புஷ்பம் தூங்குது. இந்த வாரம் அதுக்கு நைட்டு. இருங்க, எழுப்புறேன்."

சுவரில் கடிகாரம் நான்கு மணியைக் காட்டியது.

"வேணாம்மா" என்றேன். "தூங்கட்டும்."

அவர் காப்பி கலக்கிக் கொண்டு வந்தார். வெளியே சந்தில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். அவர் வாசலுக்குப் போய், "டேய், சத்தம் போடாதீங்கடா, அக்கா தூங்குது" என்று அதட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். மூடியிருந்த அறைக் கதவைப் பார்த்தார்.

"லயத்துல இருந்தப்ப பகல்ல இது இப்படி அசந்து தூங்கி நான் பாத்ததே இல்லம்மா."

நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினோம். பஸ் நேரம் வந்ததும் அவளைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன்.